கரையில் நின்றவர் கொலைகாரரா?

கேள்வி: முழங்காலளவு நீரில் ஒரு குழந்தை தத்தளிக்கிறது. கரையில் நின்ற ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார், குழந்தை இறந்துவிட்டது. அவர் கொலைகாரர் என்கிறார் என் நண்பர். அவர்தான் எதுவுமே செய்யவில்லையே என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: எதுவுமே செய்யவில்லை என்பதுதானே ஐயா அவர் மீதுள்ள புகாரே!

ஆனாலும் கொலை என்ற சொல் இங்கே பொருந்தாது. ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 323சி பிரிவு, தனக்குப் பெரிய ஆபத்து இல்லாதபோதும் உதவாமல் போகிறவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கிறது. பிரான்ஸில் ஐந்தாண்டு வரை, ஆபத்தில் இருந்தவர் பதினைந்து வயதுக்குட்பட்டவர் என்றால் ஏழாண்டு வரை போகலாம். இரு நாடுகளிலும் அது தனிக் குற்றம். இங்கிலாந்துச் சட்டமோ, குழந்தை அவருடையதாகவோ அவர் பொறுப்பில் விடப்பட்டதாகவோ இல்லாவிட்டால், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இந்த மெத்தனத்துக்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 1837 வரைவுக்கு எழுதிய குறிப்பில் மெக்காலே இதைத் தொட்டிருக்கிறார். ஓர் அறுவை சிகிச்சையைச் செய்யத் தெரிந்த ஒரே மருத்துவர் கல்கத்தாவில் இருக்கிறார், நோயாளி மீரட்டில். போக மறுத்த மருத்துவரைக் கொலைகாரர் என்பீர்களா? எங்கே கோடு கிழிப்பது?

நல்ல கேள்விதான். ஆனால் கோடு கிழிப்பது கடினம் என்பதற்காகக் கிழிக்கவே வேண்டாம் என்பது எனக்குச் சோம்பலாகவே படுகிறது. கல்கத்தாவிலிருந்து மீரட் போவதும், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு நீரில் இறங்குவதும் ஒன்றா? "தனக்குப் பெரிய ஆபத்து இல்லாதபோது" என்று ஜெர்மானியர்கள் கிழித்த கோடு எனக்குப் போதும். உங்கள் நண்பரின் கோபம் சரி, குற்றப்பெயர்தான் தவறு. உங்களுக்கு அந்த அளவு மதிப்பெண்கூடக் கிடையாது.

கேள்வி: தூங்கும்போது தன்னால் நேர்ந்துவிட்டதற்கு ஒருவர் பொறுப்பாவாரா?

பதில்: தூக்கத்துக்கு இல்லை, விழித்த பிறகு உண்டு. இங்கிலாந்தில் மில்லர் என்பவர், தனக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டில் சிகரெட்டும் கையுமாகத் தூங்கிவிட்டார். கண் விழித்தால் மெத்தை புகைகிறது. மனிதர் எழுந்தார், பக்கத்து அறைக்குப் போனார், மறுபடி படுத்துக்கொண்டார்! தீவைப்புக் குற்றம் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983-இல் உறுதி செய்தது. தீயைத் தன் கையாலேயே அணைத்திருக்க வேண்டும் என்றுகூட நீதிபதிகள் கேட்கவில்லை. அவரால் முடியாதென்றால், தீயணைப்புப் படைக்குச் சொல்லியிருக்கலாம்.