பட்டனுக்குள் வரிக் கணக்கு எதற்கு? – கேள்வி பதில்

பிரவுசரில் ஓடும் அப்ளிகேஷன்களில் திரையையும் (பயனர் பார்ப்பது) லாஜிக்கையும் (பின்னால் ஓடும் கணக்கும் விதிகளும்) எப்படிப் பிரிப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் போலிருக்கிறது. அதனால் உதாரணமும் பெரும்பாலும் பில்தான்.

கேள்வி: அக்கா, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூணையும் தனித்தனி ஃபைல்லதான் வச்சிருக்கேன். ஆனாலும் ரிவ்யூல "யுஐயையும் (திரை) லாஜிக்கையும் பிரி"ன்னு எழுதிட்டாங்க. இன்னும் என்னத்தப் பிரிக்க?

பதில்: நீங்கள் மொழிகளைப் பிரித்திருக்கிறீர்கள், அவர்கள் வேலைகளைப் பிரிக்கச் சொல்கிறார்கள். அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்து 'டாகுமென்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள்; கோட் திரையைத் தொடுவது அதன் வழியாகத்தான். வரி கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் அது இருந்தால், கணக்கு இன்னும் திரையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இன்னும் கறாரான சோதனை வேண்டுமா? கணக்குப் போடும் ஃபைலை மட்டும் எடுத்து, பிரவுசர் இல்லாமலே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஓட்டுங்கள். 'டாகுமென்ட் இஸ் நாட் டிஃபைன்ட்' என்று விழுந்தால் பிரியவில்லை. ஓடி, சரியான தொகை வந்தால் பிரிந்துவிட்டது. லாஜிக் இன்னதென்று திரைக்குத் தெரிந்திருக்கலாம். திரை என்று ஒன்று இருப்பதே லாஜிக்குக்குத் தெரியக் கூடாது. இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால், ஃபோல்டருக்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: மேடம், 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி மாறினப்போ எங்க டீம் ரெண்டு நாள் தூங்கல. 12, 18, 28ன்னு எண்கள் கோட் முழுக்க இறைஞ்சு கிடந்துச்சு. டிராப்டவுன்ல ஒண்ணு, சேவ் பட்டன்ல ஒண்ணு, பிரிண்ட் பேஜ்ல ஒண்ணு. இதை ஆரம்பத்துலயே எப்படிக் கட்டியிருக்கணும்?

பதில்: நல்ல கேஸ், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். செப்டம்பர் 22 அன்று 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5க்கும் 18க்கும் நகர்ந்தன. சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட் 18இலிருந்து 5க்கு வந்தன. அன்று ஓர் அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போன டீம்களும் உண்டு.

மூன்று துண்டாக யோசியுங்கள். முதலாவது, பில் என்ற வெறும் டேட்டா. பொருள், எண்ணிக்கை, பைசாவில் விலை, பில் தேதி, விற்பவரின் மாநிலம், சப்ளை ஆகும் மாநிலம், அவ்வளவுதான். இரண்டாவது, அந்த டேட்டாவை வாங்கி மொத்தத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். மூன்றாவது, வந்த விடையைத் திரையில் வரைகிற ஃபங்ஷன். பட்டனை அழுத்தினால் நடக்க வேண்டியது, டேட்டாவை மாற்று, கணக்கைக் கூப்பிடு, வரை. கிளிக் ஹேண்ட்லரில் (பட்டனை அழுத்தினால் ஓடும் ஃபங்ஷன்) கோட் மூன்று நான்கு வரிக்கு மேல் போனால் ஏதோ கணக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இப்போது வரி விகிதம். அதைத் தேதியோடு சேர்ந்த அட்டவணையாக வையுங்கள்: இந்தப் பொருளுக்கு இந்தத் தேதியிலிருந்து இத்தனை சதவீதம். பழைய 18ஐ அழித்துவிட்டு 5 என்று எழுதினால், ஆகஸ்டில் போட்ட பில்லை மறுபடி பிரிண்ட் எடுக்கும்போது புது விகிதத்தில் வரும்; கடைக்காரர் போனில் கூப்பிடுவார். பில் தேதியைப் பார்த்து விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது முழுக்க லாஜிக்கின் வேலை. டிராப்டவுனும் அதே அட்டவணையைக் கேட்டுத்தான் நிரம்ப வேண்டும்.

மாநிலமும் அப்படியே. இரண்டு மாநிலமும் ஒன்றானால் வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) என்று சரிபாதியாகும். வேறானால் முழுவதும் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான வரி). பல கோடில் நான் பார்ப்பது, 'வெளி மாநிலம்' என்ற செக்பாக்ஸ் டிக் ஆகியிருக்கிறதா என்று கணக்கு ஃபங்ஷனே எட்டிப் பார்ப்பது. நாளைக்கு டிசைனர் அந்த செக்பாக்ஸை எடுத்துவிட்டு மாநிலப் பட்டியல் வைத்தால் வரியே தப்பாகும். திரையை மாற்றியதால் வரி மாறுகிறது என்றால், அதைவிட அபத்தம் என்ன இருக்கிறது?

கேள்வி: ரவுண்டிங் எங்க பண்ணணும்? காட்டும்போது டூஃபிக்ஸ்ட் போட்டு ரெண்டு தசமத்துக்குச் சுருக்கினா போதாதா?

பதில்: போதாது. ரவுண்டிங் லாஜிக்கின் வேலை, கமா போடுவது திரையின் வேலை.

33.30 ரூபாய்ப் பொருள் ஒன்று, 5 சதவீத வரி. சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், அதாவது 83.25 பைசா. பில்லின் ஒவ்வொரு வரிசையிலும் தனியாக ரவுண்ட் செய்தால் 83 பைசா. இதே மாதிரி மூன்று வரிசைகள் இருந்தால் 2.49. ரவுண்ட் செய்யாமல் கூட்டிக் கடைசியில் ரவுண்ட் செய்தால் 2.50. திரை ஒரு வழியிலும் பிடிஎஃப் இன்னொரு வழியிலும் போட்டால் ஒரு பைசா உதைக்கும். எந்த வழி என்பதை ஒரே ஃபங்ஷன் முடிவு செய்யட்டும். இதோடு ஜாவாஸ்கிரிப்டின் தசம எண் விளையாட்டும் சேரும்: 1.005ஐ டூஃபிக்ஸ்ட் மூலம் இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 1.01 வராது, 1.00தான் வரும். பைசாவில் முழு எண்ணாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: அக்கா, பில் ஆயிரம் ரூபாய்க்கு மேல போனா டிஸ்கவுண்ட் தப்பா வருது. 999 வரைக்கும் சரியா இருக்கு. மொத்தத்தை ஸ்பான்ல இருந்து எடுத்து பார்ஸ்ஃப்ளோட் போடறேன்.

பதில்: ஸ்பானில், அதாவது தொகையைக் காட்டும் எச்டிஎம்எல் துண்டில், '1,250.00' என்று கமாவோடு இருக்கும். எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்ஃப்ளோட் கமாவைக் கண்டதும் நின்றுவிடும், கையில் கிடைப்பது 1. ஒரு ரூபாய்க்குத்தான் டிஸ்கவுண்ட் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கமாவை நீக்க ரீப்ளேஸ் போடாதீர்கள். நாளைக்கு யாராவது முன்னால் ரூபாய் குறி சேர்ப்பார்கள், மறுபடி உடையும். திரையில் எழுதியதைத் திரையிலிருந்தே திரும்பப் படிக்கிற பழக்கத்தைத்தான் விட வேண்டும். மொத்தம் ஏற்கெனவே உங்கள் ஸ்டேட்டில் (கோட் நினைவில் வைத்திருக்கும் டேட்டா) இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள். இன்புட் பெட்டியிலிருந்து மட்டும் படிக்கலாம். அதுவும் பயனர் தட்டிய அந்தக் கணத்தில் ஒரே முறை படித்து, எண்ணாக மாற்றி, ஸ்டேட்டில் போட்டுவிடுங்கள். மாற்றாமல் விட்டால் 10ம் 5ம் எழுத்துகளாக ஒட்டி 105 ஆகும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: ஹெடரில் கார்ட் எண்ணிக்கை 3 என்றும், கார்ட் பக்கத்தில் 2 என்றும் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் சரிசெய்கிறோம், அடுத்த ரிலீஸில் திரும்ப வந்துவிடுகிறது.

பதில்: இதே வியாதி ஃபேஸ்புக்குக்கும் இருந்தது. புது மெசேஜ் வந்ததாக எண் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சரிசெய்தால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். 2014இல் ஃப்ளக்ஸ் என்ற கோட் அமைப்பு முறையை அறிமுகம் செய்தபோது ஃபேஸ்புக் பொறியாளர்களே இதை உதாரணமாகச் சொன்னார்கள். அவர்கள் கண்ட வழி, டேட்டா ஒரே திசையில் ஓடுவது. செயல் நடந்தால் ஸ்டோர் (டேட்டா இருக்கும் இடம்) மாறும், ஸ்டோர் மாறினால் திரை மாறும், ஒரு திரை இன்னொரு திரையைத் தொடாது.

உங்கள் கோடில் 'சேர்' பட்டன் ஹெடர் எண்ணைத் தானே ஒன்று கூட்டுகிறது என்று நினைக்கிறேன். எண்ணிக்கையைத் தனியாகச் சேமிக்கவே வேண்டாம். பொருள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரியாக்ட் ஜேஎஸ்எக்ஸ்ல மார்க்கப்பும் கோடும் ஒண்ணா கலந்து கிடக்கே. நீங்க சொல்றதுக்கு நேர் எதிரா இல்லையா?

பதில்: திரை வரைய உதவும் ரியாக்ட் லைப்ரரி 2013இல் வெளிவந்தபோது, அதன் ஜேஎஸ்எக்ஸ் எழுத்துமுறையைப் பார்த்துப் பலரும் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். பட்டியலில் ஐந்து பொருள் இருந்தால் ஐந்து வரிசை வரைவதும், ஸ்டாக் தீர்ந்தால் சிவப்பாகக் காட்டுவதும் திரையின் லாஜிக்கேதான். அது மார்க்கப்போடு ஒட்டி இருப்பதில் தவறில்லை. காம்போனென்டுக்குள் (திரையின் ஒரு துண்டை வரையும் கோட்) வரிக் கணக்கு, சர்வரைக் கூப்பிடும் ஏபிஐ அழைப்பு, டிஸ்கவுண்ட் விதி எல்லாம் குடியேறும்போதுதான் சிக்கல்.

வரைய மட்டும் செய்யும் காட்சிக் காம்போனென்ட் வேறு, டேட்டாவைக் கொண்டுவரும் கன்டெய்னர் காம்போனென்ட் வேறு என்று பிரிக்கும் முறையை 2015இல் ரியாக்ட் உலகில் பிரபலமான டான் அப்ரமோவ் எழுதிப் பரப்பினார். 2019இல் ரியாக்டில் ஹூக்ஸ் என்ற வசதி வந்த பிறகு, அதைக் கட்டாய விதியாகப் பின்பற்ற வேண்டாம் என்று அவரே குறிப்பு சேர்த்தார். என் வழக்கம் எளிது. விதிகள் எல்லாம் ரியாக்டை இம்போர்ட் செய்யாத சாதா ஃபைலில். ஹூக் அவற்றைக் கூப்பிடும். காம்போனென்ட் வரையும். நாளைக்கு ரியாக்டுக்குப் பதில் வ்யூவோ ஸ்வெல்ட்டோ வந்தாலும் அந்த முதல் ஃபைல் அசையாது.

கேள்வி: இன்டர்வியூல எம்விசி (மாடல், வ்யூ, கன்ட்ரோலர்) கேக்கறாங்க. வெப்ல கன்ட்ரோலர்னா உண்மையில் எது?

பதில்: கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில், ஸ்மால்டாக் என்ற நிரல் மொழியை வைத்து எம்விசியை வகுத்தார். அந்த ஸ்மால்டாக் வழியில் கன்ட்ரோலர் என்றால் மவுஸ், கீபோர்டு உள்ளீட்டைக் கவனிக்கும் பகுதி. ரெயில்ஸ் போன்ற சர்வர் ஃபிரேம்வொர்க்குகளில் அது வருகிற ரிக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் அனுப்பும் பகுதி. பெயர் ஒன்றே, வேலை வேறு. இன்டர்வியூவில் அவர்கள் எந்த ஃபிரேம்வொர்க் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, அதன்படி சொல்லிவிட்டு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெனு திறந்திருக்கா, எந்த டேப் தேர்வாகியிருக்கு, இதெல்லாம் லாஜிக்கா?

பதில்: இல்லை. திரையோடு பிறந்து திரையோடு போகிறவை. அங்கேயே இருக்கட்டும், ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து மூன்று மொழியில ஒரு தளம் செய்யிறம். பிழைச் செய்திகளை எங்க வைக்கிறது?

பதில்: லாஜிக் வாக்கியம் பேசக் கூடாது. 'கையிருப்புப் போதாது, இருப்பது 4' என்பதை ஒரு குறியீடாகவும் ஓர் எண்ணாகவும் திருப்பித் தரட்டும். தமிழிலா சிங்களத்திலா ஆங்கிலத்திலா என்பதைத் திரை தேர்ந்தெடுக்கட்டும். எண்ணை எழுதும் விதமும் திரையின் பொறுப்பு. இங்கே 12,34,567 என்று எழுதுகிறோம், உங்கள் பக்கம் 1,234,567. உள்ளே இருக்கும் எண் ஒன்றுதான்.

கேள்வி: பிரவுசர்லயே எல்லாம் செக் பண்ணிட்டோமே, சர்வர்ல திரும்பக் கணக்குப் போடணுமா?

பதில்: கட்டாயம் போட வேண்டும். பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறக்கத் தெரிந்த எவரும் 5,000 ரூபாயை 5 என்று மாற்றி அனுப்பலாம். சர்வரும் நோட் என்றால் அதே லாஜிக் ஃபைலை இரண்டு பக்கமும் இம்போர்ட் செய்யுங்கள். டாகுமென்டைத் தொடாத ஃபைல் என்பதால் அப்படியே ஓடும். சர்வர் பிஎச்பி அல்லது ஜாவா என்றால் விதிகளை இரு முறை எழுதத்தான் வேண்டும். மாதிரி பில்களையும் அவற்றுக்குச் சரியான விடைகளையும் ஒரு ஜேசன் ஃபைலில் வைத்து, இரண்டு பக்க டெஸ்ட்டும் அதையே படிக்கும்படி செய்யுங்கள். ஒன்று விலகினால் அன்றே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரே ஒரு ஃபார்ம், ஒரே பட்டன். அதுக்கும் இத்தனை கூத்தா?

பதில்: வேண்டாம். நேராக எழுதுங்கள்.

கேள்வி: மேடம், எங்களுடையது பழைய ஜேக்வெரி கோட், பல ஆயிரம் வரி, ஒரே ஃபைல். திரும்ப எழுத மேனேஜர் நேரம் தர மாட்டார். எங்கிருந்து தொடங்க?

பதில்: திரும்ப எழுதக் கேட்காதீர்கள், அவர் மறுப்பதும் நியாயம்தான். அடிக்கடி புகார் வரும் ஒரு கணக்கை எடுங்கள், டிஸ்கவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபங்ஷனுக்குள் திரையைத் தொடும் ஜேக்வெரி டாலர் குறி வரும் இடங்களை எல்லாம் தொடக்கத்துக்கோ கடைசிக்கோ நகர்த்துங்கள்: முதலில் திரையிலிருந்து தேவையானவற்றைப் படித்து மாறிகளில் போடுவது, நடுவில் கணக்கு, கடைசியில் எழுதுவது. ஒரே ஃபங்ஷனாக இருந்தாலும் பரவாயில்லை. இப்போது நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் புது ஃபைலில் வையுங்கள். வேறெதையும் தொடாதீர்கள்.

புது ஃபைலைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன்னால், பழைய கோட் போட்ட பில்கள் கொஞ்சம் டேட்டாபேஸிலிருந்து எடுத்து, புது ஃபங்ஷனில் ஓட்டி ஒப்பிடுங்கள். தள்ளுபடி உள்ளது, இல்லாதது, ரிட்டர்ன் ஆனது, வெளி மாநிலம் என்று கலந்து எடுங்கள். எங்காவது ஒரு பைசா வித்தியாசம் வரும். உடனே புதியதுதான் சரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழைய தொகைதான் வாடிக்கையாளர் கையில் இருக்கிறது, ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் அதுதான் போயிருக்கிறது. அக்கவுன்டன்ட்டிடம் காட்டி, எதை வைத்துக்கொள்வது என்று அவர் வாயால் கேட்டுக்கொண்ட பிறகு டெஸ்ட்டில் எழுதுங்கள்.