திருவாதிரையின் சிவப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மார்கழி வானத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மகனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி திருவாதிரை நன்றாகவே தெரிந்தது. 'சிவப்பு நட்சத்திரம் சூடு குறைந்தது, நீலம்தான் அதிகச் சூடு' என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "நம்ம பாத்ரூம் குழாயில சிவப்புதானேம்மா சுடுதண்ணி?" என்றான். அதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதே கட்டுரையில் திருவாதிரை சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளி தருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சூடு குறைந்த ஒன்று எப்படி அவ்வளவு வெளிச்சம் தரும்? இரண்டில் ஒன்று தவறா?

என் பங்குக்கு இன்னொன்று. யாரும் போய்ப் பார்க்காத நட்சத்திரத்தின் அளவு, எடை, வயது எல்லாவற்றையும் எப்படிச் சொல்கிறார்கள்? உண்மையிலேயே அளந்ததா, இல்லை குத்துமதிப்பா?

ச.,
மடிப்பாக்கம்

அன்புள்ள ச.,

இரண்டும் சரிதான். இரண்டையும் எழுதிய நான் அவற்றை இணைக்கும் கண்ணியை எழுதாமல் விட்டுவிட்டேன். உங்கள் மகன் சரியாக அந்த இடத்தில் கை வைத்திருக்கிறான்.

முதலில் நிறம். பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் மங்கலான சிவப்பு வரும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று மாறும். இரும்பு உருகி ஆவியாகாமல் தாங்கினால் வெள்ளைக்கு மேல் நீலமும் கலக்கும். நட்சத்திரத்துக்கும் இதே விதிதான். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின் (அறிவியலில் சூட்டை அளக்கும் அலகு), சூரியன் கிட்டத்தட்ட 5,800. மார்கழியில் முன்னிரவில் கிழக்கே பார்த்து நின்றால் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் திருவாதிரை, வலப்பக்கம் வெண்ணீலமாக ரைஜல். ரைஜலின் சூடு சுமார் 12,000 கெல்வின். குழாயில் இருக்கும் சிவப்பும் நீலமும் நெருப்பையும் தண்ணீரையும் மனதில் வைத்து நாம் போட்டுக்கொண்ட அடையாளம், அவ்வளவுதான்.

இனி ஒளி. வீட்டில் ஒரு ஊதுபத்தியை ஏற்றுங்கள், பக்கத்தில் அடுப்பில் தோசைக்கல் காயட்டும். ஊதுபத்தியின் நுனி சிவந்து கனல்கிறது, தோசைக்கல்லைவிடப் பல மடங்கு சூடு. ஆனால் ஒரு முழ தூரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் எதன் அனல் படும்? தோசைக்கல்லின் அனல்தான். அதன் ஒவ்வொரு துளிப் பரப்பும் குறைவாகத்தான் அனல் விடுகிறது, ஆனால் பரப்பு பெரிது.

ஒரு நட்சத்திரம் தரும் மொத்த ஒளி, ஒரு சதுர மீட்டரிலிருந்து வருவதை மொத்தப் பரப்பால் பெருக்கக் கிடைப்பது. சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பது சூட்டின் நான்காம் அடுக்கில் ஏறும். சூடு இரண்டு மடங்கானால் ஒளி பதினாறு மடங்கு. பரப்போ ஆரத்தின் இரண்டாம் அடுக்கில் ஏறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டெஃபானும் போல்ட்ஸ்மானும் தந்த விதி இது.

திருவாதிரைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். அதன் சூடு சூரியனுடையதில் 0.6 பங்கு. நான்கு முறை பெருக்கினால் சதுர மீட்டருக்கு வரும் ஒளி சூரியனில் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரும். உங்கள் மகன் சொன்னது இதுவரை சரி, அது சோனியான நெருப்புதான். ஆனால் அதன் ஆரம் சூரியனைப் போல் 700 மடங்கு அளவு. அப்படியானால் பரப்பு கிட்டத்தட்ட ஐந்து லட்சம் மடங்கு. அதை ஏழால் வகுத்தால் எழுபதாயிரம். சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

இதைத் திருப்பியும் போடலாம், எனக்கு வியப்பே அங்கேதான். நம் கைக்கு வருவது நிறமும் ஒளியும்தான். நிறத்திலிருந்து சூடு, ஒளியிலிருந்து பரப்பு, பரப்பிலிருந்து ஆரம். மீட்டர் டேப் பிடிக்காமலே அளவு வந்துவிடுகிறது. பள்ளியில் சூடு, அளவு, ஒளி, எடை என்று தனித்தனி வரிகளாக மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். ஒன்று தெரிந்தால் இன்னொன்று வந்துவிடும் என்பதைச் சொல்லித் தருவதே இல்லை. எனக்கு இது தீராத வருத்தம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிரியஸ் நம் இரவு வானிலேயே பிரகாசமான நட்சத்திரம், ஆனால் சூரியனைப் போல் 25 மடங்குதான். 8.6 ஒளியாண்டில், அதாவது ஒளி 8.6 ஆண்டில் கடக்கும் தூரத்தில், பக்கத்தில் இருப்பதால் அப்படி ஜொலிக்கிறது. ஆகவே தூரம் வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மற்றக் கண்ணாலும் பாருங்கள். பின்னணியில் விரல் நகரும். பூமி சூரியனின் ஒரு பக்கம் இருக்கும்போதும், ஆறு மாதம் கழித்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதும் நட்சத்திரம் அப்படித்தான் நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும். 2013-ல் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு இதை அளந்திருக்கிறது.

தெரியும் ஒளியை எண்ணாக்கும் கணக்கில் நம் ஊருக்கும் பங்குண்டு. நட்சத்திரங்களின் பிரகாசத்தைப் படிகளாகப் பிரிப்பார்கள். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு என்று 1856-ல் வரையறுத்தவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன். 1861-ல் சென்னை வந்து நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர், 1891-ல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவருடன் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நட்சத்திரத்தை 1867-ல் கண்டுபிடித்தார். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது.

சரி, எடைக்கு வருகிறேன். தனியாக நிற்கும் நட்சத்திரத்தை எடை போடுவது கடினம். இரண்டாக இருந்தால் ஒன்றை ஒன்று சுற்றும், சுற்றும் காலத்தையும் இடைவெளியையும் வைத்து நியூட்டன் விதிப்படி எடை கிடைத்துவிடும். சிரியஸின் பாதை நேராக இல்லாமல் நெளிவதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று 1844-ல் ஜெர்மன் வானியலாளர் பெசல் சொன்னார். 1862-ல் அந்தத் துணையைத் தொலைநோக்கியில் பார்த்தேவிட்டார்கள். இரண்டும் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. துணையின் எடை சூரியனின் எடை, மேற்பரப்பு 25,000 கெல்வின். அவ்வளவு சூட்டில் ஏன் மங்கலாக இருக்கிறது? தோசைக்கல் கணக்கையே தலைகீழாகப் போடுங்கள். பரப்பு சிறிதாகத்தான் இருக்க வேண்டும். அது பூமி அளவுதான். ஒரு சூரியனைப் பூமிக்குள் திணித்த வெண்குள்ளன்.

எரிபொருள் தீர்ந்த இந்த வெண்குள்ளன்களிடம் விசித்திரமான உறவு ஒன்று உண்டு. எடை கூடினால் அளவு குறையும். கூடிக்கொண்டே போனால்? மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், பயணத்தில் போட்ட கணக்கு அதுதான். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் வெண்குள்ளனால் தன் எடையைத் தாங்கவே முடியாது. பல ஆண்டுகள் பெரியவர்களே ஏற்க மறுத்த முடிவு. 1983-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு 73 வயது.

ஆக, அளந்ததா குத்துமதிப்பா என்று கேட்டீர்களே, சிரியஸின் எடை அளந்தது. திருவாதிரைக்கு அவ்வளவு துல்லியம் இல்லை. அதன் தூரத்தையே 500-லிருந்து 700 ஒளியாண்டு வரை வெவ்வேறாகச் சொல்கிறார்கள். தூரம் மாறினால் அளவும் ஒளியும் சேர்ந்து மாறும், அதனால்தான் எழுபதாயிரம் என்று நான் எழுதியதைச் சிலர் ஒரு லட்சம் என்பார்கள். ஆனால் எதில் எவ்வளவு பிழை வரும் என்று தெரிந்து சொல்வதைக் குத்துமதிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

வயதும் எடையில்தான் அடங்கியிருக்கிறது. ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் நட்சத்திரங்களில், எடை இரண்டு மடங்கானால் ஒளி பத்து மடங்குக்கு மேல் போகும். எடை கூடினால் நடுப்பகுதி கூடுதலாக நெருக்கப்படும், சூடு கொஞ்சம் ஏறினாலே எரிதல் பல மடங்கு பெருகும். சூரியனைப் போல் பத்து மடங்கு எடை என்றால் எரிபொருள் பத்து மடங்குதான், செலவோ ஆயிரக்கணக்கான மடங்கு. சூரியனுக்கு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள், அதில் 460 கோடி கழிந்துவிட்டன. பத்து மடங்கு எடைக்கு மூன்று கோடி ஆண்டு நிலைத்தாலே அதிகம்.

திருவாதிரை அதைவிடவும் எடை மிக்கது. பிறந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் முடிவை நெருங்கிவிட்டது. டைனோசர்கள் அழிந்தது ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்னால். அவை பார்த்த வானத்தில் சூரியன் இருந்தது, சிரியஸும் பிறந்திருந்தது, திருவாதிரை இல்லை. அடுத்த முறை மாடிக்குப் போகும்போது உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அவன் அதற்கு என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்