கேமரா கோப்பைப் பார்த்துவிட்டுப் பாகம் வாங்குங்கள்: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் 16 ஆண்டுகளாகக் கணினி அசெம்பிள் செய்து தருகிறேன். விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் சேர்த்து ஒரே கணினி வாங்க நினைப்பவர்கள், சித்தூர் வட்டத்திலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மடிக்கணினி, பிரிண்டர், சிசிடிவி ஆகியவற்றைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்; அவை என் தொழில் அல்ல.

கேள்வி (கோபாலபுரம்): அண்ணா, பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்வேன், இரவில் மகன் விளையாடுவான். மானிட்டர் நீங்கலாக ஒன்றேகால் லட்சம் வரை செலவிடலாம். பட்டியல் தாருங்கள்.

பட்டியலுக்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் கேமரா எந்த வகைக் கோப்பைப் பதிவு செய்கிறது? பெரும்பாலோர் கேமராவின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, அதற்குள் என்ன அமைப்பை வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஒரே கேமரா ஹெச்.264 கோப்பையும் தரும், ஹெச்.265 கோப்பையும் தரும்; இரண்டும் வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறைகள். 8 பிட் 4:2:0 என்றும் பதியும், அதைவிட நிறத் தகவல் கூடிய 10 பிட் 4:2:2 என்றும் பதியும். டைம்லைனில் (எடிட்டிங் செயலியில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) படம் திக்கித் திக்கி ஓடுவதற்குப் பிராசசரின் வேகக்குறைவு காரணம் என்று நினைத்துப் பணத்தை அதில் கொட்டுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெரும்பாலான நேரங்களில் உண்மைக் காரணம், அந்தக் கோப்பை விரித்துக் காட்டும் டிகோடர் அவர்களுடைய கணினியில் இல்லாமல் போனதுதான்.

8 பிட் 4:2:0 கோப்பை இன்றைய எந்த கிராபிக்ஸ் கார்டும் சிரமமின்றி விரித்துவிடும். 10 பிட் 4:2:2 ஹெச்.265 கோப்பு அப்படியல்ல. இன்டெல் பிராசசர்களில் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதை விரிக்கும். ஆனால் பெயரின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள பிராசசரில் அந்த கிராபிக்ஸே கிடையாது என்பதால், சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அதை வாங்கிய எடிட்டர் பிறகு என்னிடம் வந்து வருத்தப்படுவார். என்விடியாவில் 2025-இல் வந்த 50 வரிசைக் கார்டுகள்தாம் இதை முதலில் விரிக்கத் தொடங்கின. 40 வரிசைக்கு அந்தத் திறன் இல்லை.

'மீடியாஇன்ஃபோ' என்ற இலவசச் செயலியை நிறுவி, சென்ற வாரத்துக் கல்யாணக் கோப்பு ஒன்றை அதில் திறந்து, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகு பட்டியல் தருகிறேன்.

கேள்வி (வண்ணாமடை): ஜென் 5 எஸ்எஸ்டி வாங்கினால் எடிட்டிங் வேகமாகுமா?

ஜென் என்பது எஸ்எஸ்டியின் தலைமுறை; எண் கூடினால் வேகம் கூடும். ஆனால் அந்த வேகம் வேண்டுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே கோப்பு என்றால் நொடிக்கு 25 மெகாபைட். நிமிடத்துக்கு ஒன்றரை ஜிபி. மணிக்கு 90 ஜிபி. இரண்டு கேமராக் காட்சிகளை ஒரே டைம்லைனில் ஓட்டினாலும் கணினி கேட்பது நொடிக்கு 50 மெகாபைட்தான். பழைய சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் தரும். ஜென் 4 எஸ்எஸ்டி 7,000 வரை தரும். ஆகவே உங்களுக்கு வேகம் குறையவில்லை, இடம்தான் குறைகிறது: இரண்டு கேமராவில் நான்கு மணி நேரம் எடுத்த ஒரு கல்யாணமே 720 ஜிபி. ஜென் 5-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் 2 டிபி ஜென் 4 ஒன்றும், முடிந்த வேலைகளைப் பிரதியெடுத்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாங்குங்கள். ஒரே டிஸ்க்கில் இருக்கும் கல்யாணம் இல்லாத கல்யாணத்துக்குச் சமம்.

கேள்வி (பொள்ளாச்சி): ஏஎம்டி ரைசன் 7-க்கு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ போட்டால் பாட்டில்நெக் ஆகுமா?

ஆகாது. ஒரு பாகத்தின் வேகக்குறைவால் மற்றொன்று காத்துக் கிடப்பதைத்தான் பாட்டில்நெக் என்கிறார்கள். அந்தக் கார்டு 8 ஜிபி நினைவகத்தோடும் 16 ஜிபி நினைவகத்தோடும் ஒரே பெயரில் வருகிறது. எடிட்டிங்கும் செய்பவர் 16 ஜிபியை வாங்க வேண்டும்.

கேள்வி (நல்லேப்பிள்ளி): புதிய கணினியின் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கிறது. பவர் சப்ளை பழுதா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சென்ற ஐப்பசியில் இதே புகாரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். கேபினட்டின் பின்பக்கத் திருகில் டெஸ்டரை வைத்தவுடன் அது மங்கலாக எரிந்தது. சுவரிலிருந்த பிளக் போர்டைக் கழற்றியபோது, மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த்துக்கான பச்சைக் கம்பியை வயரிங் செய்தவர் பாதியில் நறுக்கி உள்ளே மடக்கி வைத்திருந்தார்.

பவர் சப்ளையில் குற்றமில்லை. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக அதன் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குத் தலா ஒரு சிறு கெப்பாசிட்டர் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அளவு கேபினட்டின் இரும்பிலேயே நின்றுகொண்டிருக்கும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விரல் சுருசுருப்பதோடு நிற்கிறது. ஆனால் அதே நிலையில் யூஎஸ்பி டிஸ்க்கையோ ஹெச்டிஎம்ஐ கேபிளையோ செருகும்போது அந்த நுண்சுற்றுகள் வழியாக மின்சாரம் வழி தேடும். மானிட்டரின் போர்ட்டும் கார்டின் போர்ட்டும் இப்படிப் போவதுண்டு.

நல்ல வயர்மேனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டியும் மீட்டர் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாத வீடாக இருந்தால் அதையும் மாட்டச் சொல்லுங்கள். எர்த் இல்லை என்பதற்காக எர்த் துளையை நியூட்ரலோடு முறுக்கிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால் அந்தக் கணமே முழு 230 வோல்ட்டும் கேபினட்டில் ஏறும். யார் சொன்னாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் பிற்பகலில் முதல் இடி கேட்டவுடன் பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது, லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும். வீட்டுக்கு வருவது ஃபைபராக இருந்தாலும், ரூட்டரிலிருந்து கணினிக்கு வருவது செம்புக் கம்பிதான். என் சொந்த மதர்போர்டு ஒன்று அந்த வழியில்தான் போயிற்று. பவர் சப்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி (வாளையார்): கோவையில் வாங்கினால் வரி குறையுமா?

குறையாது; எல்லைக்கு இருபுறமும் 18 சதவீதம்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பும், கேரளத்தில் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை ஒரு சதவீத வெள்ள வரி இருந்தபோதும் இந்தக் கேள்விக்குப் பொருள் இருந்தது. இப்போது பார்க்க வேண்டியது, பாகம் பழுதானால் எந்த ஊர் வரை சுமந்துகொண்டு போக வேண்டும் என்பதைத்தான்.

கேள்வி (பாலக்காடு): நான் எடிட்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். 16 கோர் ரைசனில் புராக்சி (எடிட்டிங்குக்காக எடுக்கும் இலகுவான பிரதி) போட்டு மூன்று ஆண்டுகளாக 4:2:2 கோப்புகளை எடிட் செய்கிறேன். ஒரு குறையும் இல்லை. டிகோடர் என்று சொல்லி மக்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை ஐயா, உங்கள் முறை தவறு என்றும் சொல்லவில்லை. இரவில் புராக்சியை ஓடவிட்டுக் காலையில் எடிட்டிங் தொடங்குபவருக்கு அது போதும். ஆனால் முகூர்த்த நாளில் காலையில் தாலி கட்டியதை மாலை வரவேற்பில் திரையிட வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்கும்போது அந்த இரவு நமக்குக் கிடைப்பதில்லை. மேலும், புராக்சியை உருவாக்குவதற்கும் மூலக் கோப்பை ஒருமுறை முழுவதுமாக விரித்தாக வேண்டும். டிகோடர் இல்லாவிட்டால் அந்தச் சுமையையும் பிராசசர்தான் சுமக்கிறது.

அதே நண்பர்: 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் தாமாகவே பழுதானதை மறந்துவிட்டு இன்டெல்லைப் பரிந்துரைக்கிறீர்கள்.

மறக்கவில்லை. வோல்டேஜ் கூடிப் போனதால் ஐ7, ஐ9 பிராசசர்கள் நிலைகுலைந்தது 2024-இல் வெளிவந்த செய்தி. அந்த ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் அடங்கிய புதிய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏற்றாமல் அவற்றை ஓட்டக் கூடாது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது என்பதால், குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று கைமாறி வரும் 14-ஆம் தலைமுறை ஐ9-ஐ நான் தொடுவதில்லை.

மீனாட்சிபுரத்திலிருந்து இன்னொரு நண்பர்: இருவரும் சண்டை போடுகிறீர்களே, 50 வரிசைக் கார்டு வாங்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதானே?

ஆம், அதுதான் உண்மை. கார்டே 4:2:2-ஐ விரித்துவிடும்போது, எந்தப் பிராசசர் என்ற கேள்வியில் டிகோடருக்கு முன்னிருந்த முக்கியத்துவம் இல்லை. மீதமிருப்பது மதர்போர்டின் ஆயுள் மட்டும்தான்; அதில் பாலக்காட்டு நண்பரின் பக்கம்தான் நியாயம். ரைசனுக்கான ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) 2022-இல் வந்தது. 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அதற்குப் பிராசசர் தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. கார்டு வாங்கப் பணமில்லாமல் பிராசசரை மட்டும் வைத்து எடிட்டிங் தொடங்குபவருக்கு மட்டும் நான் இன்றும் 'எஃப்' இல்லாத இன்டெல்லையே சொல்வேன். இந்த ஒரு பொருளிலேயே மாலை முழுவதும் போய்விட்டது. மற்றவர்களையும் கவனிக்க விடுங்கள்.

கேள்வி (சித்தூர்): 8 ஜிபி ரேம் நான்கு போடலாமா, 16 ஜிபி இரண்டு போடலாமா?

இரண்டு. டிடிஆர்5-இல் நான்கு ரேம் போட்டால் பெரும்பாலான மதர்போர்டுகளில் வேகம் இறங்கிவிடும். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் செருகி, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிட, பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்குங்கள். 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால், பழைய பட்டியல்களில் உள்ள தொகையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): ஐ5-க்கு 5070 பாட்டில்நெக் ஆகுமா?

மேலே படியுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் கூலர் கட்டாயமா?

இல்லை. அறை 38 டிகிரியில் இருந்தால் எந்தக் கூலரும் பிராசசரை அதற்குக் கீழே இறக்க முடியாது. தண்ணீரும் கடைசியில் அதே அறைக் காற்றில்தான் சூட்டை விடுகிறது. இரட்டை விசிறி ஏர் கூலர் 8 கோருக்குத் தாராளம். கணவாய் வழியாக அடிக்கும் ஆடிக்காற்றில் புழுதிதான் இங்கே பெரிய எதிரி. முன்பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள கேபினட்டாகப் பார்த்து வாங்கி, உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளுபவற்றைவிட ஒன்று கூடுதலாக இருக்கும்படி அமையுங்கள்; அப்போது இடுக்கு வழியாகப் புழுதி நுழைவது குறையும்.

கேள்வி (கொல்லங்கோடு): பவர் சப்ளையை மட்டும் மாற்றினேன்; பழைய கேபிள்கள் அப்படியே பொருந்தியதால் அவற்றையே வைத்துக்கொண்டேன். இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டன.

வருந்துகிறேன். பவர் சப்ளையின் பக்கத்தில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில வேளை மாடலுக்கு மாடல் மாறும். பொருந்துகிறது என்பதற்காக அது சரியானது என்று ஆகாது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கும். கணினியை இனி இயக்காமல், தரவு மீட்பவரிடம் டிஸ்க்குகளைக் காட்டுங்கள்; பெரும்பாலும் மேலுள்ள மின் பலகைதான் கருகியிருக்கும்.

கேள்வி (பொள்ளாச்சி): அண்ணா, ரைசன் 5-க்கு எந்தக் கார்டு பாட்டில்நெக் ஆகாது?

இதற்கு இனி பதில் சொல்ல மாட்டேன்.

கோபாலபுரத்து நண்பர் மீண்டும்: மீடியாஇன்ஃபோவில் பார்த்தேன் அண்ணா. ஹெச்.264, 4:2:0, 8 பிட், நொடிக்கு 100 மெகாபிட் என்று காட்டுகிறது. நான்கு வருடமாக இதே அமைப்பில்தான் எடுக்கிறேன். வாடிக்கையாளர் யாரும் குறை சொன்னதில்லை.

அப்படியானால் மேலே நாங்கள் மூவரும் போட்ட சண்டை உங்களுக்குத் தேவையே இல்லை. 8 கோர் ரைசன் 7, நடுத்தர விலையில் ஏஎம்5 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், சிஸ்டத்துக்கு 1 டிபி, வேலைக்கு 2 டிபி என்று இரண்டு ஜென் 4 எஸ்எஸ்டி, உத்தரவாதம் நீண்ட 650 வாட் பவர் சப்ளை. கார்டு 16 ஜிபி 5060 டிஐ. மகன் பிடிவாதம் பிடிக்காவிட்டால் அதைவிடக் குறைந்ததே போதும். ரேம் விலை இன்னும் ஏறியிருந்தால் கார்டில் இறங்கி வாருங்கள், ரேமில் வேண்டாம். மிச்சமாகும் தொகையில் யூபிஎஸ் வாங்குங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விஏ எண்ணை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள வாட்டைப் பாருங்கள், 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். கடைக்குப் போகும் முன் வீட்டுப் பிளக் போர்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் பச்சைக் கம்பி இருக்கிறதா என்று வயர்மேனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.