அழுகிய கத்தரிக்காயும் ரெக்கார்டு நோட்டும்

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு கல்லூரியில் பயோடெக்னாலஜி பாடம் எடுக்கிறேன். சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடமும் அதே பிராக்டிகல்: பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தைப் பிரிப்பது, அதை ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது, ரெக்கார்டில் படம் வரைவது. என்ன வரும் என்று எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். போன செமஸ்டரில் ஒரு மாணவி, "சார், வராட்டியும் வந்ததாத்தானே எழுதப் போறோம்?" என்று கேட்டாள். லேப் வகுப்பிலேயே நிஜமான ஆராய்ச்சி செய்ய வைக்கலாமே என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். பணம் ஏது, சிலபஸ் என்னாவது, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டெர்னல்) கேட்டால் என்ன சொல்வது என்றார். எழுத வருவதற்கு முன் நீங்கள் புதுச்சேரியில் லேப் எடுத்தவர் என்பதால் கேட்கிறேன். இது நடக்கிற காரியமா?

க., கடலூர்

அன்புள்ள க.,

அந்த மாணவியின் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடம் டிஎன்ஏ பிரிக்கும் கிட் பழசாகிப்போய், ஒரு பேட்ச் முழுக்க யாருக்கும் ஜெல்லில் எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் ரெக்கார்டு திருத்த உட்கார்ந்தால் எல்லா நோட்டிலும் அழகாக மூன்று பேண்டு, அதாவது ஜெல்லில் டிஎன்ஏ நிற்கும் கோடு. சீனியர் நோட்டைப் பார்த்து வரைந்தது. ஒரே ஒருத்தன் மட்டும் வெறும் கட்டம் போட்டு, கீழே "ஒன்றும் வரவில்லை" என்று எழுதியிருந்தான். அவனைக் கூப்பிட்டு ஒழுங்காக வரைந்து வரச் சொன்னேன். வரைந்து வந்தான். கையெழுத்துப் போட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடக்கும். அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹேட்ஃபுல்லும் சேர்ந்து 2008இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கல்லூரிக்குள் அப்போதுதான் நுழைந்த பிள்ளைகள் மண்ணை அள்ளி வந்து பேஜ் தேட வேண்டும். பேஜ், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். கண்டுபிடித்தவரே பெயரும் வைக்கலாம். இதே பாணியில் 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி, அழுகிக் கிடந்த கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பேஜைப் பிரித்தெடுத்தாள். அதன் பெயர் 'மடி'. ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று அர்த்தம். தமிழில் படித்தால் பாக்டீரியாவுக்கு விட்ட சாபம்!

லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத மைக்கோபாக்டீரியம் (காசநோய்க் கிருமியின் இனம்) தொற்று. 2018இல் அவளுக்குக் கொடுக்கப்பட்ட மூன்று பேஜ்களில் ஒன்று 'மடி'. தொற்று நன்றாகவே தணிந்தது. 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் கட்டுரை வந்தது. ஒரே ஒரு நோயாளியை வைத்து இதை மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கத்தரிக்காயைத் தொட்டபோது என்ன கிடைக்கும் என்று மாணவிக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. உங்கள் லேபில் இல்லாதது அதுதான், மெஷின் அல்ல.

கத்தரிக்காயை விடுங்கள், பண்ருட்டி பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் அழுகிய பலாப்பழத்துக்கா பஞ்சம்? கெடிலம் ஆற்றங்கரை மண், வீட்டுக் குப்பைமேடு, எது வேண்டுமானாலும் கொண்டு வரட்டும். பேஜுக்கு இரையாக மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்துக்கொள்ளுங்கள். காசநோய்க் கிருமிக்குச் சொந்தம்தான், ஆனால் சாதாரணமாக யாருக்கும் நோய் தராது. மண் கரைசலில் பாக்டீரியாவை நிறுத்திப் பேஜை மட்டும் விட 0.22 மைக்ரான் வடிகட்டி, பாக்டீரியா வளர்க்கும் தட்டுக்கு அகார் ஜெல்லி, கிருமி நீக்க ஆட்டோகிளேவ் போதும். பாக்டீரியா வளர்க்கும் மீடியாவில் கால்சியம் குளோரைடு சேர்க்க மறந்துவிடாதீர்கள், மறந்தால் பல பேஜ்கள் சரியாகத் தொற்றாது.

சிலபஸை யாரும் தொட வேண்டாம். ஸ்டெரைல் டெக்னிக், மீடியா தயாரிப்பு, சீரியல் டைல்யூஷன் (படிப்படியாக நீர்க்க வைப்பது) எல்லாம் இந்தத் தேடலுக்குள்ளேயே வந்துவிடும். எக்ஸ்டெர்னலுக்கு அதே தலைப்புகளில் ரெக்கார்டு காட்டலாம். ஒரு வித்தியாசம், டைல்யூஷனை மேனுவலில் இருக்கிறது என்று செய்ய மாட்டார்கள். முதல் தட்டில் பாக்டீரியா மொத்தமும் கரைந்துபோய் எதையும் எண்ண முடியாமல் முழிப்பார்கள். பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீர்க்க வைத்தால்தான் பிளேக் (பேஜ் பாக்டீரியாவை அழித்த தெளிவான புள்ளி) தனித்தனியாகத் தெரியும் என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

கஷ்டம் பணத்தில் இல்லை, உங்களிடம்தான் வரும். "சார், இது பேஜா, வெறும் காற்றுக் குமிழா?" என்பார்கள். தெரியாது, இன்னொரு தட்டு போட்டுப் பார்ப்போம் என்று நாற்பது பேர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் கடைசி வரை வரவில்லை. அப்புறம் மார்க். பேஜ் கிடைத்தவனுக்கு அதிகம், கிடைக்காதவனுக்குக் குறைச்சல் என்று ஆரம்பித்தால் பேண்டு வரைந்த கதைதான் திரும்ப வரும். எந்த மண், எந்தத் தேதி, எத்தனை தட்டு, என்ன தெரிந்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் போடுங்கள்.

பேஜ் கிடைத்தால் கரண்ட் போகிற ஊரில் டீப் ஃப்ரீசரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சாதாரண ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் மாதக்கணக்கில் இருக்கும். குழாயில் மார்க்கரால் மட்டும் எழுதாதீர்கள், எத்தனால் பட்டால் அழிந்துவிடும். காகிதம் ஒட்டி, பென்சிலால் எழுதி, மேலே டேப் போடச் சொல்லுங்கள்.