அப்பாவிடம் ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங்கில் ஐடி வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் டிட்காட் ரயில்வே மியூசியத்தில் சம்பளமில்லாத தன்னார்வலன். நீராவி இன்ஜின் துடைக்கும் க்ளீனராகச் சேர்ந்து, இப்போது அதற்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஆகிவிட்டேன். விடியும் முன்பே போய்ச் சாம்பல் வாரி, இன்ஜினைத் துடைத்து, நெருப்பு மூட்டினால்தான் பார்வையாளர்கள் வருவதற்குள் ஸ்டீம் ஏறும். வீடு திரும்ப இரவாகிவிடும். இரண்டு வயது மகளோடு தனியாக இருக்கும் மனைவி சண்டை போடுகிறாள். வாரத்தில் ஒரு நாள் எனக்குப் பிடித்ததைச் செய்வது தப்பா? விழுப்புரம் ரயில் இன்ஜின் ஷெட்டில் பயர்மேனாக இருந்த அப்பா, அம்மா போனபிறகு ஊரில் தனியாக இருக்கிறார். அவரிடம் மட்டும் சனிக்கிழமையும் ஆபீஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: தப்பா சரியா என்பது இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை ஏன் போகிற போக்கில் எழுதினீர்கள்?

தம்பி, உங்கள் அப்பா பார்த்த அதே வேலையைப் பார்த்துக்கொண்டு அவரிடமே பொய் சொல்கிறீர்கள். காரணம் எனக்குப் புரிகிறது. மகன் கரி அள்ளக் கூடாது என்றுதான் அவர் உங்களைப் படிக்கவைத்திருப்பார். அவர் பிழைப்புக்கு அள்ளியதை நீங்கள் ஆசைக்கு அள்ளுகிறீர்கள். சொன்னால் மனம் நோகும் என்று பயம்.

நோகட்டுமே. 1932-ல் கட்டிய டிட்காட் ஷெட்டையும் கரி மேடையையும் டிக்கெட் வாங்கி வரும் யார் யாருக்கோ சுற்றிக் காட்டுகிறீர்கள். புகைபோக்கி கரும்புகை கக்கினால் கரி அதிகம், காற்று போதவில்லை என்று விளக்குகிறீர்கள். சித்திரை வெயிலில், கரி எரியும் ஃபயர்பாக்ஸ் வாசலில் நின்று இதையெல்லாம் கற்ற மனிதர் விழுப்புரத்தில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு சந்தேகமாவது கேட்டிருக்கிறீர்களா? பெற்றவரைத் தனியே விட்டுப் போவதே கடினமான விஷயம். பேசுவதற்கு இப்படி ஒன்று கிடைத்தும் அதை ஒளித்துவைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா கரியோடு வீடு வந்தபோது சம்பளமும் வந்தது; குடும்பம் பொறுத்துக்கொண்டது. உங்கள் மனைவி எதற்காகப் பொறுக்க வேண்டும்? போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1967-லிருந்து தன்னார்வலர்கள் காப்பாற்றிவரும் இடம் அது. உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்த இன்ஜின்கள் என்றோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் மாதம் இரண்டு சனிக்கிழமை போதும். மற்ற இரண்டும் வீட்டுக்கு.

இந்த வாரம் வரமுடியாது என்று ஷெட்டுக்குச் சொல்லிவிடுங்கள். காலையில் மனைவி தூங்கட்டும். மகளை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த இன்ஜின், ஸ்டீம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பார். கேட்காமல் போனை வைத்துவிட்டால் மறுநாளும் கூப்பிடுங்கள். கோடைக்குள் அவருக்கு விசாவும் எடுத்துவிடுங்கள்.