குடம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: பானை, குடம் இரண்டும் ஒன்றுதானே ஐயா?

பதில்: இல்லைங்க. பானைக்கு வாய் அகலம். சோறு பொங்கலாம், அரிசி போட்டு வைக்கலாம். குடம் தண்ணீர் சுமக்க வந்தது. வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கியிருக்கும். அந்த வயிறு இடுப்பில் பொருந்தி உட்காரும், கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொள்ளலாம், வேகமாக நடந்தாலும் அதிகம் சிந்தாது. மண், பித்தளை, எவர்சில்வர், பிளாஸ்டிக் என்று எதில் செய்தாலும் இந்த வடிவம் மாறவில்லை. என்னைக் கேட்டால், குடம் என்பது அந்த வடிவத்தின் பெயர்தான்.

கேள்வி: பிரசவத்தில் 'பனிக்குடம் உடைந்தது' என்கிறார்களே?

பதில்: அதே வடிவம்தான். நீர் நிறைந்து உருண்ட பை, உள்ளே குழந்தை. எனக்குத் தமிழில் மிகவும் பிடித்த சொற்களில் இதுவும் ஒன்று.

கேள்வி: மாட்டுவண்டிச் சக்கரத்திலும் குடம் உண்டு என்பார் தாத்தா.

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நடுவில் திரண்டிருக்கும் கட்டைதான் குடம். ஆரக்கால்களை அதில் செருகுவார்கள். அச்சு அதற்குள் நுழையும்.

கேள்வி: குடவோலைத் தேர்தலில் குடத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

பதில்: உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதை விரிவாகச் சொல்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். மூத்த அர்ச்சகர் ஒருவர் எழுந்து நின்று, எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதைப் பிரித்து இன்னொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம், அதாவது நடுவரிடம், கொடுப்பான். அவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும்! அப்புறம் உரக்க வாசிப்பார். அங்கிருக்கும் அர்ச்சகர்கள் எல்லாரும் அதே ஓலையைத் திரும்ப வாசிப்பார்கள். விரல் மடக்கில்கூட ஓலை மாறிவிடக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: குடமுழுக்கு?

பதில்: குடத்து நீரால் முழுக்காட்டுவது. கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்ப் பெயர்.

கேள்வி: கச்சேரியில் வாசிக்கும் கடம்?

பதில்: 'கட' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது, பொருள் குடம்தான். மானாமதுரைக் கடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. குடமுழா என்ற தோல் வாத்தியம் வேறு. ஒரே குடத்துக்கு ஐந்து முகம். திருவாரூர் தியாகராசர் கோயிலில் இருக்கிறது.