வாசகர் கேள்வி பதில்: ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது நிறையப்போகிறது. கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை ‘ஏன்’ என்ற சொல் ஓய்வதே இல்லை. அண்மையில் இரவுப் பேருந்தில் மதுரைக்குச் சென்றபோது, ‘நிலா ஏம்மா நம்ம பஸ் கூடவே வருது?’ என்று தொடங்கியவன், ஊர் போய்ச் சேரும்வரை அதையே கேட்டான். ‘உன்னைப் பார்க்கத்தான் வருது, பேசாம தூங்கு’ என்று அதட்டியும் அடங்கவில்லை. இது பிடிவாதமா? கண்டிக்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: கண்டிக்க வேண்டியதில்லை. கேட்டதற்கான காரணம் தனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதைத்தான் உங்கள் மகன் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிவித்திருக்கிறான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறு பிள்ளைகள் பெரியவர்களுடன் நிகழ்த்திய உரையாடல்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. காரணம் அடங்கிய விளக்கம் கிடைத்தபோது பிள்ளைகள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டார்கள், அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குச் சென்றார்கள். மழுப்பலான பதில் கிடைத்தபோது, பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார்கள், அல்லது தாங்களாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டார்கள். ஆகவே, பதில் சொன்ன பிறகும் பிள்ளை கேட்டால், அது பழைய கேள்வியா, புதிய கேள்வியா என்பதை முதலில் கவனியுங்கள். பழைய கேள்வி என்றால் நம் பதிலில்தான் குறை இருக்கிறது.

நிலவைப் பற்றிய இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. சூரியனும் நிலவும் தங்கள் பின்னாலேயே வருவதாகச் சிறு பிள்ளைகள் நம்புவதை, சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே பதிவு செய்திருக்கிறார். உங்கள் மகன் அந்த நம்பிக்கையைச் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில், ‘உன்னைப் பார்க்கத்தான் வருது’ என்ற பதில் அவனைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த முறை அவனை ஜன்னலோரம் உட்காரவையுங்கள். சாலையோரத்துப் புளியமரம் கண் இமைப்பதற்குள் பின்னால் ஓடிவிடுவதையும், தூரத்து ஊரின் விளக்குகள் மெல்ல மெல்ல நகர்வதையும் அவனே பார்க்கட்டும். ‘மரம் கிட்ட இருக்கு, அதான் சட்டுனு போயிடுது, நிலா ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கு, அதான் போகவே மாட்டேங்குது’ என்று சொன்னால் போதும். நிலவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; அதற்கு முன் உங்கள் பேருந்து கடந்த தூரம் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கு அவனுக்கு இப்போது தேவைப்படாது; மரத்தையும் விளக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நான்கு வயதுக்கு எட்டக்கூடியதே.

எல்லாக் கேள்விகளும் விளக்கம் கேட்பவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு அந்தப் பகுப்பு மிகவும் பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேற்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே இன்று உங்களிடம் கேட்டு, நீங்கள் சரியாகச் சொல்கிறீர்களா என்று பார்க்கும் பிள்ளை கேட்பது அறிவினா. அப்போது ‘நீ சொல்லு பார்ப்போம்’ என்று திருப்பிக் கேட்டால் அதன் முகம் மலர்ந்துவிடும். கடை வாசலில் நின்று ‘இங்க பலூன் இருக்குமாம்மா?’ என்று கேட்பது கொளல் வினா; அதற்கு வாங்கித் தருவதா இல்லையா என்பதுதான் பதில். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியா வினாவுக்குத்தான் காரணம் சொல்லியாக வேண்டும்.

அடுப்படியில் கை ஓயாத நேரத்தில் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்ல முடியாது. ‘குக்கரை இறக்கிட்டுச் சொல்றேன்’ என்று சொல்லுங்கள். இறக்கிய பிறகு, அவன் மறந்திருந்தாலும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மட்டும் வாயடைக்க வேண்டாம். அந்தப் பதிலால் கேள்வி நிற்கும். கூடவே, உங்களிடம் கேட்கும் துணிவும் போய்விடும்.

பதிலைக் காதில் வாங்காமல் ஒரே வாக்கியத்தை ஒரே தொனியில் ஒப்பித்துக்கொண்டே இருப்பது, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது போன்றவை சேர்ந்து தெரிந்தால், தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

கேள்வி: என் மாமனார் காலமாகி ஒரு மாதம் ஆகிறது. ‘தாத்தா எங்கே?’ என்று ஐந்து வயது மகள் தினமும் கேட்கிறாள். ‘தூங்குகிறார்’ என்று சொல்லிவைத்தோம். இப்போது இரவில் படுக்கவே பயப்படுகிறாள்.
– வாசகி, ஈரோடு

பதில்: அந்தப் பயத்துக்கு உங்கள் பதிலே காரணமாக இருக்கக்கூடும். தூங்கிய தாத்தா எழுந்திருக்கவில்லை என்றால், தூங்கப்போகும் தானும் எழுந்திருக்க மாட்டோமோ என்று ஐந்து வயதுப் பிள்ளை நினைப்பது இயல்பே. ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பதும் வேண்டாம். வாசலைப் பார்த்துக் காத்திருப்பாள். ‘தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. அவருக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வர மாட்டார். நாம தூங்கறது வேற, காலையில எழுந்துடுவோம்’ என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ‘சாமிகிட்டப் போயிருக்கார்’ என்பது உங்கள் குடும்பத்தின் நம்பிக்கையானால், இதைச் சொன்ன பிறகு அதையும் சொல்லலாம். நாளையும் கேட்பாள், அடுத்த வாரமும் கேட்பாள். இறந்தவர் வரவே மாட்டார் என்பது பிள்ளையின் மனத்தில் பதியப் பல நாள் ஆகும். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். நீங்கள் அழுதுவிட்டாலும் தவறில்லை; தாத்தாவை நினைத்து அழுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். என் மகள் கேட்பதற்கெல்லாம் எனக்கு விடை தெரியவில்லை. மீன் சந்தையில், ‘மீன் ஏன் கண்ணை மூடலை?’ என்று கேட்டாள். ‘டீச்சர்கிட்ட கேளு’ என்று சொல்லிவிடுகிறேன். சரிதானா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: ஆசிரியரிடம் கேட்கட்டும், ஆனால் உங்களிடம் கேட்பதை நிறுத்திவிட வேண்டாம். லண்டனில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் ஆகிய இருவர், நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1984-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட அந்தச் சிறுமிகள், பள்ளியில் கேட்டவை 2 மட்டுமே. அவர்களில் பாதிப் பேர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வீடுகளிலும் தாயுடன் நடந்த பேச்சு பள்ளியில் நடந்ததைவிடச் செறிவாகவே இருந்தது.

உங்களுக்குத் தெரிந்ததும் குறைவன்று. செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவந்திருந்தால் புது மீன் என்று எடுப்பீர்கள் அல்லவா? அதை மகளுக்குக் காட்டி, ‘வாய் வழியாத் தண்ணி உள்ளே போய் இது வழியா வெளியே வரும், இதாலதான் மீன் மூச்சு விடும், உள்ளே ரத்தம் ஓடறதாலதான் இவ்வளவு சிவப்பு’ என்று சொல்லுங்கள். தெரியாததைத் ‘தெரியலை, கேட்டுச் சொல்றேன்’ என்று ஒப்புக்கொண்டு, கேட்டறிந்து சொல்லுங்கள். அவள் கேட்டதற்கு விடை இது: பெரும்பாலான மீன்களுக்கு இமையே கிடையாது. நம் கண் காய்ந்துவிடாமல் இமை மூடித் திறந்து ஈரப்படுத்துகிறது. தண்ணீருக்குள்ளேயே இருக்கும் மீனுக்கு அது தேவைப்படுவதில்லை. பல மீன்கள் இரவில் அசைவைக் குறைத்துக்கொண்டு, கண் திறந்தபடியே ஓய்வெடுக்கின்றன.